இனிப்பு எடுக்காத வீடு

கீச், கீச் என்று ஒரு சக்கரம் எங்கோ இடது பக்கத்தில் அழுதுகொண்டே வருகிறது. மற்ற மூன்று சக்கரத்துக்கும் எண்ணெய் இருக்கிறது போல, நாலாவதுக்கு இல்லை, அந்த ஒன்றின் அழுகையை வைத்துத்தான் மருந்து வண்டி எங்கே வந்து நிற்கிறது என்று இந்த வரிசையில் இருக்கிற எல்லோருக்கும் தெரிகிறது. நிற்கிறது. நர்ஸ் பொண்ணின் குரல், ‘மேல பாருங்க, என்னைப் பாக்காதீங்க, ஃபேனைப் பாருங்க.’ யாரோ உஸ்ஸென்று மூச்சை இழுக்கிறார்கள். சொட்டு விழுந்துவிட்டது. மறுபடி கீச். என் இமைக்குள் இருப்பதை இருட்டு என்று சொல்ல முடியாது, வெந்தயம் ஊறின தண்ணீரின் நிறத்தில் ஏதோ ததும்பிக்கொண்டிருக்கிறது, அதில் அந்தக் கறுப்புப் புள்ளிகள் கண்ணை மூடினாலும் விடாமல் மிதக்கின்றன. இரண்டு சொட்டு விட்டாயிற்று. ‘கண்ணு பாப்பா விரியல ஐயா, சுகர்காரங்களுக்கு அப்படித்தான், இன்னொரு தடவை விடுவோம், அதுவரைக்கும் கண்ணைத் திறக்கக்கூடாது’ என்று சொல்லிவிட்டுப் போனாள். மதுரையின் இவ்வளவு பெரிய கண்ணாஸ்பத்திரியில், நல்ல பகலில், இத்தனை பேர் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம். பார்த்தால் ஏதோ பஜனை மடம் மாதிரி இருக்கும், பார்க்கத்தான் எங்களில் ஆளில்லை. எனக்குப் பகலில் கண்ணை மூடுவது பழக்கம். மில்லில் சேர்ந்த நாளிலிருந்து பெரும்பாலும் முழு நைட்டுதான், ஊர் எழுந்திருக்கும்போது படுக்கிறவன் நான். ஆனால் படுத்துக் கண்ணை மூடுவது வேறு, உட்கார்ந்து மூடுவது வேறு. படுத்துவிட்டால் தூக்கம் வராவிட்டாலும் தூங்குகிறான் என்று உலகம் விட்டுவிடும். உட்கார்ந்து மூடினால் யோசனை வந்து மடியில் ஏறிக்கொள்கிறது, இறங்கமாட்டேன் என்கிறது. வலது பக்கம் என் பெண்டாட்டி பஞ்சவர்ணம். முழங்கை என் முழங்கையில் இடித்து இடித்து விலகுகிறது. பூக் கட்டுகிறாள். ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் உதிரிப் பூ காத்திருக்காது, ஈரத் துணியில் முடிந்து கொண்டுவந்துவிட்டாள், சாயங்காலம் பூக்கடைக்காரம்மாவிடம் சரமாகக் கொடுத்தாக வேண்டும். கட்டுகிற சத்தம் கேட்காது. இடிக்கிற முழங்கைதான் சத்தம். இவளிடம் சொல்ல வேண்டும். உள்ளே கூப்பிடுவதற்குள் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது சொட்டு விழுந்து, பாப்பா விரிந்து, பெயரைக் கூப்பிட்டு, டாக்டர் முன்னால் மோவாயை அந்த மிஷினில் வைத்துவிட்டால் பிறகு சொல்ல வாயிருக்காது, அவர் எழுதுவார், இவள் தலையாட்டுவாள், நாங்கள் வீட்டுக்குப் போய்விடுவோம், அடுப்பைப் பற்றவைப்பாள்.

காலையில் வந்ததும் ஒரு சின்ன அறையில் உட்காரவைத்தார்கள், சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதற்கென்றே அங்கே ஒரு பொண்ணு. சின்ன வயசு, எங்கள் பொண்ணு அபிநயா இருந்தால் இந்த வயசுதான் இருக்கும், இப்போதெல்லாம் எந்தப் பொண்ணைப் பார்த்தாலும் இந்தக் கணக்கு தானாக ஓடுகிறது, நிறுத்த முடிவதில்லை. ‘ஐயா, சீனி எவ்வளவு சேர்ப்பீங்க?’ நான் தொண்டையைச் செருமுவதற்குள் பஞ்சவர்ணம் முந்திக்கொண்டாள். ‘சீனியா? எங்க வீட்டுல சீனி வாங்கியே எட்டு வருசமாச்சு தாயி. சீனி டப்பா கூடக் கெடையாது. தீவாளி பொங்கலுக்குக் கூட ஒரு பலகாரம் கெடையாது.’ அந்தக் குரலில் இருந்த நிமிர்வைக் கேட்க வேண்டுமே. மகன் கலெக்டராகிவிட்டான் என்று சொல்கிற அம்மாக்களின் குரல். அந்தப் பொண்ணு கையையே தட்டிவிட்டது, ‘சூப்பர்ம்மா, எல்லாரும் உங்களை மாதிரி இருந்தா நாங்க கடையைச் சாத்திட்டு வீட்டுக்குப் போயிரலாம்’ என்றது. பிறகு ரத்தச் சோதனைத் தாளைப் பார்த்தது. முகம் சுருங்கியது. ‘அப்புறம் ஏன் ஐயா குறையவே இல்ல? மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?’ ‘நான்தான தாயி கையில எடுத்துக் குடுக்குறேன்.’ ‘அப்ப மாத்திரை வேலை செய்யலபோல. டாக்டர்ட்ட சொல்லிடுறேன், ஊசிக்கு மாத்துவாங்க. கண்ணுக்குள்ள ரத்தம் கசியுது ஐயா, இனிமே விளையாட்டு இல்ல.’ வெளியே அடுத்தவர்கள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாத்திரை வேலை செய்யவில்லையாம். பாவம் மாத்திரை. அது தன்பாட்டுக்கு மூட்டை தூக்குகிற ஆள் மாதிரி சுமந்து சுமந்து வெளியே போட்டுக்கொண்டுதான் இருக்கும், நான்தான் காலையில் ஒரு டம்ளர், மில்லுக்குக் கொண்டுபோகிற பிளாஸ்க்கில் நாலு டம்ளர் என்று பின்வாசல் வழியாக மறுபடி ஏற்றிக்கொண்டிருக்கிறேன். கருப்பட்டி. அதைப் பற்றி அந்தப் பொண்ணு கேட்கவில்லை. பஞ்சவர்ணம் மறைக்கவும் இல்லை. கருப்பட்டி சீனியில் சேர்த்தி என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால் படித்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குப் பிடித்த நோய் படிப்பு. பகலில் தூக்கம் வராத நேரமெல்லாம் எங்கள் பேட்டை நூலகத்தில்தான் கிடப்பேன், கையில் கிடைத்ததைப் படிப்பேன், கிரகணம், மண்புழு, பிரெஞ்சுப் புரட்சி, மூட்டு வலி, எதுவானாலும் சரி. பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள், மின்விசிறிக்குக் கீழே இருக்கிற என் வழக்கமான நாற்காலியில், ஒரு மருத்துவப் பத்திரிகையில் பார்த்தேன். வெள்ளைச் சீனி, நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதியிருந்தார் ஒரு டாக்டர். நாக்குக்குத்தான் வித்தியாசம் தெரியும், ரத்தத்துக்கு வெள்ளை கறுப்பு தெரியாது என்று. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எழுத்துக்கு மேல் ஒரு கொசு பறந்தது. கையால் ஓட்டினேன். போகவில்லை. அது கண்ணுக்குள்ளிருக்கிற கொசு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பத்திரிகையை மூடி அடுக்கில் மற்றவைகளுக்கு அடியில் செருகிவிட்டு வந்தேன், வேறு யாராவது எடுத்துப் படித்து என் வீட்டுக்கு வந்து சொல்லிவிடுவார்கள் என்பது போல. மில்லில் நான்தான் இந்த விஷயத்தில் பெரிய மனுஷன். ஆயுத பூஜைக்குக் கொடுக்கிற லட்டுப் பொட்டலத்தை வாங்கியதும் பிரிக்காமல் அடுத்தவனிடம் நீட்டிவிடுவேன். அந்தோணிராஜ் என்று என் பக்கத்து மிஷின்காரன் சும்மா விடமாட்டான். ‘என்ன சாமியாரே, சீனியை விட்டாச்சு, பீடியை விட்டாச்சு, அடுத்து யாரு, அக்காவா?’ என்பான். கேண்டீனே சிரிக்கும். பிறகு அவனுக்கே சுகர் வந்ததும் என்னிடம்தான் வந்தான். ‘அண்ணே, வெள்ளைதானே விஷம்? கறுப்பு மருந்துதானே?’ ‘ஆமடா, பனையில வர்றது எதுவும் கெடுதல் செய்யாது’ என்று நான் வாயால் சொன்னேன். அது படிப்பதற்கு முன்னால். படித்த பிறகு அவனைப் பார்த்தால் சும்மா சிரிக்கிறேன்.

சொல்லிவிட்டால் என்ன? கருப்பட்டியை நிறுத்து வர்ணம், அவ்வளவுதானே. காப்பியை இனிப்பில்லாமல் குடித்தால் போகிறது. இதை ஆயிரம் தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் அது அந்தக் காப்பி இல்லையே. அந்தக் காப்பி எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பது எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். நாங்கள் அதைப் பேசினதில்லை. அபிநயாவுக்குத் தோசைக்குச் சீனி வேண்டும். பிளஸ் டூ வந்த பிறகும். சட்னி எரிக்குதுப்பா என்று தட்டின் ஓரத்தில் ஒரு குன்று சீனி வைத்துக்கொள்வாள், தோசையைக் கிள்ளி அதில் ஒற்றி எடுக்கும்போது பல்லில் நறநறவென்று கேட்கும், அடுத்த அறையில் தூங்க முயன்றுகொண்டிருக்கிற எனக்குக் கேட்கும். சீனி டப்பாவைத் திறந்தால் எப்போதும் நடுவில் ஒரு குழி, விரலை விட்டு எடுத்த குழி. ‘யாருடி டப்பாவுல குழி பறிக்கிறது?’ ‘நானில்லப்பா, எறும்பு.’ ‘விரல் தண்டிக்கு எறும்பா?’ ‘பெரிய எறும்புப்பா. யூனிபாரம் போட்ட எறும்பு.’ அப்புறம் காய்ச்சல். கொசுக் காய்ச்சல் என்றார்கள், ஊரெல்லாம் வந்தது, எல்லோருக்கும் வந்து எல்லோருக்கும் போனது, இவளை மட்டும் கூட்டிக்கொண்டு போனது. வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தின அன்றைக்கு எதிர்வீட்டில் ஒரு பெரிய தூக்குவாளியில் கருப்பட்டிக் கடுங்காப்பி போட்டுக் கொண்டுவந்தார்கள். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம், இழவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது, பால் கூடாது, சீனி கூடாது, அக்கம்பக்கம் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து ஊற்றும். யாரோ என் கையில் டம்ளரைத் திணித்தார்கள். குடித்தேன். சூடாக, இனிப்பாக, அடியில் கொஞ்சம் மணலோடு. நன்றாக இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை தாண்ட முடியவில்லை. அவள் போன அன்றைக்கும் நாக்கு நாக்காகத்தான் இருந்தது.

வருசம் திரும்புகிறவரை வீட்டில் இனிப்பு எடுக்கக்கூடாது. திரும்பின அன்றைக்குப் பொம்பளை பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ வந்து, துக்கக்காரர்கள் வாயில் ஒரு சிட்டிகை சீனி போட்டுவிட்டால் துக்கம் கழிந்தது, அதற்கப்புறம் அந்த வீட்டில் பணியாரம் சுடலாம், கல்யாணம் பேசலாம், சிரிக்கலாம். மேலூரிலிருந்து பஞ்சவர்ணத்தின் அண்ணன் வந்தார். வாழையிலையில் சீனி. சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் ஒரு சிட்டிகை எடுத்து என் வாய்க்கு நேராக நீட்டினார். விரல் நுனியில் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த விரலைப் பார்த்தேன். அந்த விரலைப் பார்த்திருக்கக்கூடாது. என் பல் கிட்டிவிட்டது. ‘டாக்டர் என்னையச் சீனி தொடக்கூடாதுன்னுட்டாரு மச்சான்’ என்றேன். டாக்டரும் இல்லை ஒன்றும் இல்லை, அன்றைக்கு எனக்கு ஒரு தலைவலி கூடக் கிடையாது, நிஜமாகவே சுகர் வந்தது அதற்கப்புறம்தான். ‘அடப்பாவமே, எப்பயிருந்து மாப்ள?’ என்று பேச்சு நோய்க்குத் திரும்பிவிட்டது, ஆளாளுக்குப் பாகற்காய் நாவற்கொட்டை என்று வைத்தியம் சொன்னார்கள், எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி கூடத் தெரிந்தது, சாவைவிட நோயைப் பற்றிப் பேசுவது எவ்வளவோ லேசு. மச்சான் அந்தச் சிட்டிகையோடு பஞ்சவர்ணத்தின் பக்கம் திரும்பினார். ‘அவருக்கு இல்லாதது எனக்கெதுக்குண்ணே’ என்றாள் அவள், முகத்தைத் திருப்பாமல். மச்சான் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு இலையிலேயே உதறிவிட்டார். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் இனிப்பு எடுக்கவே இல்லை. மறுநாள் காலையில் வேலை முடிந்து வந்தேன், அவள் அம்மிக்கல்லில் கருப்பட்டி தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு டம்ளர். எதிரெதிரே உட்கார்ந்து குடித்தோம். அன்றிலிருந்து தினமும். அவள் விடியுமுன் பூச்சந்தைக்குப் போய்த் திரும்புவாள், நான் மில்லிலிருந்து திரும்புவேன், அந்த ஒரு டம்ளர் நேரம்தான் நாங்கள் புருசன் பெண்டாட்டியாக ஒரே அறையில் விழித்துக்கொண்டிருக்கிற நேரம். பேசமாட்டோம். பேசாமல் அபிநயாவை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு குடிப்போம். ரெண்டு பேர், மூன்று பேராக. அதை நிறுத்து என்று சொல்ல வேண்டும். எந்த வாயால்?

ஆனால் கண் போனால் என்னாகும் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. மில்லில் இழை அறுந்தால் இப்போதே கண்ணில் படுவதில்லை, விரலை ஓட்டித்தான் கண்டுபிடிக்கிறேன், சூப்பர்வைசருக்குத் தெரியும் நாள்தான் கடைசி நாள். அது போகட்டும், வேலைக்கு ஒரு முடிவு உண்டுதான். நூலகம் போகும். மண்புழுவும் பிரெஞ்சுப் புரட்சியும் போகும். எனக்கென்று ஒரு முழு நைட்டு தொடங்கும், காலைச் சங்கு ஊதாத முழு நைட்டு. அதையும் எப்படியாவது பழகிவிடலாம், இருட்டில் இருந்தே பழகினவன். ஆனால் அபிநயாவின் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஹால் டிக்கெட்டுக்கு எடுத்தது, அதைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. அதில் கோபமாக இருப்பாள், ஸ்டூடியோக்காரன் சிரிக்காதே என்று அதட்டியிருக்கிறான். கண்ணை மூடிக்கொண்டு அந்த முகத்தைக் கொண்டுவரப் பார்க்கிறேன், இதோ, இப்போது, இந்த வெந்தயத் தண்ணீருக்குள். நெற்றி வருகிறது. கம்மல் வருகிறது. இடது கன்னத்தில் ஒரு தழும்பு, சைக்கிளில் விழுந்தது, அது வலது கன்னமோ? இடதுதான். இல்லை, படத்தில் பார்த்தால் எந்தப் பக்கம்? வரவில்லை. கறுப்புப் புள்ளி ஒன்று வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும், பார்க்க முடிகிறவரை. காலையில் அவளோடு உட்கார்ந்து குடிக்கிற டம்ளர்தான் சுவரிலிருந்து அவளை அழித்துக்கொண்டிருக்கிறது. இதை யாரிடம் சொல்லி அழுவது. அழவும் கூடாது, மருந்து கரைந்துவிடும் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள்.

‘தம்பிக்கு எத்தனை வருசமாச் சீக்கு?’ இடது பக்கத்துக் குரல். வயசான குரல், வெற்றிலை வாசம். உட்கார்ந்ததிலிருந்து பேச ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்தவர், உசிலம்பட்டிப் பக்கமாம், பெயர் ஒச்சப்பன் என்று மருமகள் நர்ஸிடம் சொன்னதைக் கேட்டேன். அந்த மருமகள் மருந்து வாங்கப் போயிருக்கிறாள். ‘அஞ்சாறு வருசம் இருக்கும்யா.’ ‘எனக்கு இருவது. டாக்டரு சீனியைத் தொடவே கூடாதுங்கார். நான் எங்க தொடுறேன்? ஸ்பூன்லதான் அள்ளிப் போடுறேன்.’ பஞ்சவர்ணம் சிரித்துவிட்டாள், முழங்கை குலுங்கியது. ‘சிரிக்காத ஆத்தா, மருமக முன்னாடி சொல்லிறாத, சோத்துல வெந்தயப் பொடியக் கலந்து வச்சுருவா. போன மாசம் சொந்தத்துல ஒரு காதுகுத்து. ஒரு ஜாங்கிரிதான் தின்னேன். ஒண்ணு. அதுக்கு அவ என் மகனுக்குப் போன் போட்டு, ஒங்கப்பா தற்கொலைக்கு முயற்சி பண்ணிட்டாருன்னு சொல்லியிருக்கா.’ அந்தப் பக்கம் இன்னும் இரண்டு மூன்று பேர் சிரிக்கிறார்கள், கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு வேறு மாதிரி இருக்கிறது, எங்கே போகிறோம் என்று தெரியாமல் போகிற சிரிப்பு. ‘எங்க வீட்டுல அந்தப் பிரச்சினையே இல்ல பெரியவரே’ என்கிறாள் பஞ்சவர்ணம். ‘சீனியே உள்ள விடுறதில்ல. கருப்பட்டிதான்.’ ‘அதுதான் ஆத்தா சரி! கருப்பட்டி ஒண்ணும் செய்யாது. அந்தக் காலத்துல யாருக்கு இருந்துச்சு இந்தச் சுகரு?’ எனக்குக் காது சுடுகிறது. பிளாஸ்க் மூடி திருகுகிற சத்தம். கடுங்காப்பியின் வாசம் மருந்து வாசத்தை ஒதுக்கிக்கொண்டு வருகிறது, கருப்பட்டியின் அந்தப் புகை வாசம். என் விரல்களை விரித்து மூடியை உள்ளங்கையில் வைக்கிறாள். ‘இந்தாங்க, காலையிலயிருந்து ஒண்ணும் குடிக்கல. கண்ணத் தொறக்காமக் குடிங்க.’ வெதுவெதுவென்று இருக்கிறது. குருவிக்குஞ்சைப் பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டிருக்கிறேன். சொல், இப்போது சொல். ஒரு மடக்கு குடித்துவிட்டுச் சொல்லலாம். கடைசி மடக்கு. கடைசி என்று தெரிந்து குடிக்கிற உரிமை கூட எனக்குக் கிடையாதா. உதடு வரை கொண்டுபோகிறேன். அப்போது பஞ்சவர்ணம் என்னைத் தாண்டிக் கையை நீட்டுவது தோளில் தெரிகிறது. ‘பெரியவரே, நீங்களும் ஒரு வாய் குடிங்க. இன்னொரு டம்ளர் இருக்கு. பயப்படாமக் குடிங்க, சீனி ஒரு பொட்டு இல்ல.’ ‘மகராசி! மருமக வர்றதுக்குள்ள குடு.’

‘வேண்டாங்கய்யா. குடிக்காதீங்க.’ என் குரல்தான். சத்தமாக வந்துவிட்டது. அந்தப் பக்கத்துச் சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. ‘அதுவும் சீனிதான். கருப்பட்டியும் சீனிதான். உடம்புக்குள்ள போனா ரெண்டும் ஒண்ணுதான்.’ ‘என்ன தம்பி, தலையில கல்லத் தூக்கிப் போடுறீங்க’ என்கிறார் ஒச்சப்பன். ஒரு உறிஞ்சல் சத்தம் கேட்கிறது. ‘ஒரு வாய் குடிச்சிட்டேனே.’ ‘ஒரு வாய் பரவாயில்ல.’ ‘அப்ப ரெண்டாவது?’ யாரும் சிரிக்கவில்லை. அவரே டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்கிறது. முழங்கை இடிப்பது நின்றுவிட்டது. அது நின்ற பிறகுதான் அத்தனை நேரமும் அது இடித்துக்கொண்டிருந்ததில் எனக்கு எவ்வளவு தைரியம் இருந்தது என்று தெரிகிறது. கண்ணைத் திறந்தால் அவள் முகம் தெரியும். திறக்கக்கூடாது. திறந்தாலும் தெரியாது, எல்லாம் கலங்கித்தான் இருக்கும். அவள் என்ன செய்கிறாள்? ‘எப்பயிருந்து தெரியும்?’ என்கிறாள், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. ‘பொங்கலுக்கு முன்னாடி. படிச்சேன்.’ ‘படிச்சுட்டுத் தெரிஞ்சேதான் குடிச்சீகளா? என் கையால ஊத்திக் குடுத்தேன். தெனமும் ஊத்திக் குடுத்தேன். அந்தப் பிள்ளைகிட்ட இந்நேரம் வரைக்கும் பெருமை பேசிக்கிட்டு இருந்தேன், கல்லு மாதிரி பக்கத்துல உக்காந்திருந்தீக.’ ‘அத நிறுத்தினா…’ என்றேன். ‘நிறுத்தினா நம்ம அபி…’ அதற்குமேல் வாக்கியம் இல்லை. மூடி கையில் ஆறிக்கொண்டிருக்கிறது. எங்கோ கீச் என்று வண்டி திரும்புகிறது, இந்த வரிசைக்குத்தான்.

‘நான் சந்தையில சீனி போட்ட டீதான் குடிக்கிறேன்’ என்கிறாள். முதலில் எனக்கு விளங்கவில்லை. ‘என்னைக்கு?’ ‘என்னைக்கும்தான். அண்ணன் வந்து போனாகல்ல, அதுக்கு மறு வாரம். கட்டிக்கிட்டே இருந்தேன், மயக்கமா வந்துச்சு, பக்கத்துக் கடைக்காரி டீ வாங்கிக் குடுத்தா. சீனி போட்டுருந்துச்சு. குடிச்சேன். குடிச்சிட்டு அங்கனயே உக்காந்து அழுதேன். மறுநாளும் குடிச்சேன். அன்னைக்கு அழுகை வரல.’ என் பக்கமாகத் திரும்பி உட்காருகிறாள். ‘உங்களுக்குன்னுதான் கருப்பட்டி தட்டுனேன். நீங்கதான அண்ணன் கைய வேணாம்னீக. சீனியப் பாத்தா உங்களுக்குத் தாங்காதுன்னு டப்பாவத் தூக்கிப் போட்டேன். எனக்கு அது தொண்டையில எறங்கி எவ்வளவோ நாளாச்சு. எழவு வீட்டுக் காப்பிங்க அது. எட்டு வருசமா எழவு வீட்டுக் காப்பி போட்டுக்கிட்டு இருக்கேன்.’ குரலில் கோபம் இல்லை, அடுப்படியில் நின்றே நாளைக் கழித்த களைப்பு. அப்படியானால் அந்த நடு இடத்தில் அவள் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்? நாங்கள் மூன்று பேராக உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்தேனே. நான் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தேன். அவள் என்னோடு உட்கார்ந்திருந்தாள். காலை காலையாக, பேசாமல், எப்போது எழுந்திருப்பான் இவன் என்று. ஒரு கணம் அவள்மேல் ஒரு வெறுப்பு வந்தது, வந்ததை மறைக்கவில்லை, என் பிள்ளையை விட்டுவிட்டுச் சந்தையில் டீ குடித்தாளே என்று சின்னப் பையன் மாதிரி ஒரு வெறுப்பு, வந்த வேகத்திலேயே உடைந்து எங்கேயோ போயிற்று. அதன் பின்னால் பெரிதாக எதுவும் வரவில்லை. இழவு வீட்டில் எல்லோரும் எழுந்துபோன பிறகும் பாயில் ஒருத்தன் உட்கார்ந்திருப்பான், பாயைச் சுருட்ட வேண்டுமே என்று வீட்டுக்காரி தூணோரம் நின்றுகொண்டிருப்பாள், சொல்ல மனசு வராமல். நான் அந்த ஆள். எழுந்திருக்க வேண்டும். எழுந்திருந்தால் எங்கே போவது என்றுதான் தெரியவில்லை.

கீச். எங்கள் முன்னால் நின்றது. ‘சோலைமலை ஐயாதான? தலைய நிமித்துங்க, மேல பாருங்க.’ திறக்கிறேன். வெளிச்சம் வாளி வாளியாக உள்ளே கொட்டுகிறது. ஃபேன் தெரியவில்லை, ஏதோ சுற்றுகிறது, நர்ஸ் ஒரு நீலம், பக்கத்தில் பஞ்சவர்ணம் ஒரு மஞ்சள், மடியில் ஒரு வெள்ளை. முகம் இல்லை. சொட்டு விழுகிறது, எரிகிறது. ‘மூடிக்கோங்க. இந்தத் தடவை விரிஞ்சிரும், பத்து நிமிசத்துல கூப்பிடுவாங்க. கையில என்ன, காப்பியா?’ ‘கருப்பட்டி போட்டதும்மா’ என்கிறேன். ‘அட ஐயா! அதெல்லாம் குடிக்கலாமா? டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்களா?’ ‘உள்ள போனதும் சொல்றேன்.’ ‘மறக்காமச் சொல்லுங்க. அதை வச்சுத்தான் மருந்து குடுப்பாங்க.’ வண்டி ஒச்சப்பனிடம் நகர்கிறது. அவர் நல்ல பிள்ளையாக, ‘நான் ஒண்ணும் குடிக்கல தாயி’ என்கிறார். என் கையிலிருந்து மூடியைப் பஞ்சவர்ணம் எடுத்துக்கொள்கிறாள். பிடுங்கவில்லை, நான்தான் விரலைத் தளர்த்தினேன். செருப்பைச் சரக்சரக்கென்று தேய்த்துக்கொண்டு குழாயடி வரை போகிறாள், தண்ணீர் விழுகிற சத்தம், நிறைய நேரம் விழுகிறது, பிளாஸ்க்கை அலசுகிறாளோ முகத்தை அலசுகிறாளோ. திரும்பி வந்து உட்காரும்போது பெஞ்சு லேசாக ஆடுகிறது. ‘நீங்களே சொல்லுவீகளா, நான் சொல்லவா?’ ‘நானே சொல்றேன்.’ ‘ம்.’ ஈரக் கையை என் தோள் துண்டில் துடைக்கிறாள். நாளைக் காலையில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் என்ன இருக்கும் என்று அவளைக் கேட்க வேண்டும் போல இருக்கிறது, கேட்கவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது. துணி முடிச்சை அவிழ்க்கிறாள், ஈரப் பூவின் குளிர் என் முழங்கால் வரை வருகிறது. ‘கொஞ்சம் தள்ளி உக்காருங்க, பூ நசுங்குது’ என்கிறாள். தள்ளி உட்காருகிறேன். ஒரு பூ மேலே, ஒரு பூ கீழே, நூலைச் சுற்றி ஒரு இழுப்பு. அடுத்ததை எடுக்கிறாள்.